வீட்டுத் தோட்டத்திலிருந்து ட்ரூயிட் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது தென்கிழக்கு இங்கிலாந்தில். வீட்டின் பின்னால் பதினோரு மீட்டர் நீளத்தில் ஒரு தோட்டம், முழுக்கக் களிமண். அதில் ஒரு ரோவன், ஒரு ஆப்பிள், மூலையில் ஒரு ஹேசல் புதர், மிச்ச இடத்தில் பீன்ஸ், கீரை, தக்காளி. சில வருடங்களாக ட்ரூயிட் வழியில், அதாவது பழைய கெல்டிக் பூசாரிகளின் பெயரில் மரத்தையும் பருவங்களையும் போற்றும் வழியில், இருக்கிறேன் என்று சொன்னால் தமிழ் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

வெள்ளை அங்கி, நீளத் தாடி, தங்க அரிவாள், அவர்கள்தானே?

தாடியைத் தவிர அந்தப் படம் முழுவதும் ஒரே ஒரு ரோமானியரிடமிருந்து வந்தது. மூத்த பிளினி, கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், ட்ரூயிட் என்னும் பூசாரி வெள்ளை உடையுடன் ஓக் மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் மிசில்டோ என்னும் ஒட்டுண்ணிச் செடியை அறுப்பார், கீழே வெள்ளைத் துணி விரித்துப் பிடிப்பார்கள், பிறகு இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுப்பார்கள், இது பிறையின் ஆறாம் நாளில் நடக்கும் என்று எழுதிவைத்தார். ஒரு பத்திதான். அதிலிருந்து பின்னால் எத்தனையோ படங்கள் கிளம்பிவிட்டன.

என்னிடம் அங்கி இல்லை. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது.

இது உண்மையிலேயே பழைய மதமா, இல்லை யாரோ நடுவில் கிளப்பிவிட்டதா?

இரண்டும் கொஞ்சம். பழைய ட்ரூயிட்கள் இருந்தது நிஜம். ஜூலியஸ் சீசர் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: நீதி சொல்பவர்கள், பூசை செய்பவர்கள், சிலர் இருபது வருடம் வரை பாடம் கேட்பார்கள், பாடங்களை எழுதிவைப்பது தவறு என்று நினைப்பார்கள். நரபலி கொடுத்தார்கள் என்றும் எழுதினார். எதிரி நாட்டைப் பிடிக்கப் போனவர் எழுதியது என்பதை நினைவில் வைத்து அதைப் படிக்க வேண்டும். கி.பி. 60 வாக்கில் ரோமப் படை வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்சி தீவைத் தாக்கி அங்கிருந்த புனிதத் தோப்புகளை வெட்டியதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். பாடத்தை எழுதிவைக்கவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல் போனது. அதோடு சங்கிலி அறுந்தது.

இன்று நாங்கள் செய்வது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டில் முளைத்தது. வேல்ஸில் கிளமோர்கனைச் சேர்ந்த எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற கல்தச்சர், இயோலோ மோர்கன்வக் என்ற பெயரில் எழுதியவர், 1792-ல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் சின்னக் கற்களை வட்டமாக வைத்து ஒரு சடங்கு நடத்தினார். பழைய ஏடுகளில் இருக்கிறது என்று அவர் காட்டியவற்றில் நிறைய அவரே எழுதியது என்பது பின்னால் தெரியவந்தது. மனிதர் நல்ல கவிஞர், கூடவே நல்ல போலி ஏட்டுக்காரர். அவர் எழுதிய பிரார்த்தனையை இன்றும் சொல்கிறோம், அவர் எழுதியது என்று தெரிந்துதான் சொல்கிறோம். ஐயாயிரம் வருடப் பாரம்பரியம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அப்ப ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம்?

ட்ரூயிட்கள் கட்டவில்லை. அங்கே இருக்கும் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. ட்ரூயிட்கள் பற்றிய பேச்சே அதற்கு இரண்டாயிரம் வருடம் கழித்துத்தான் வருகிறது. 1740-ல் வில்லியம் ஸ்டூக்லி என்ற தொல்பொருள் ஆர்வலர் அது ட்ரூயிட் கோயில் என்று எழுதினார், ஊர் பிடித்துக்கொண்டது. ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளில், அதாவது வருடத்தின் மிக நீண்ட பகலன்று, அங்கே போய்க் கூட்டத்தோடு நிற்பதும் ஒரு அனுபவம்தான், ஆனால் தொடங்குவதற்கு அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

சரி, முதல் நாள் என்ன செய்வது?

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை, தெருமரம் போதும். தினமும் பத்து நிமிடம் அதன் பக்கத்தில் உட்காருங்கள், போன் வீட்டில் இருக்கட்டும். மந்திரம், கற்பனை எதுவும் வேண்டாம், பார்த்தால் போதும். பார்த்ததை ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

இது சுலபம் என்று நினைப்பவர்கள் டிசம்பரில் முயன்று பார்க்க வேண்டும். லண்டனில் அப்போது நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மழை தூறிக்கொண்டிருக்கும், வேலை முடிந்து வந்தால் இருட்டு. முதல் வருடம் என் நோட்டில் டிசம்பர் முழுக்க "குளிர்" என்றுதான் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் ஹேசல் கிளையில் மஞ்சள் பூச்சரங்கள் தொங்குவதைப் பார்த்தேன். அவை ஆண் பூக்கள். அதே கிளையில் மொட்டு மாதிரி இருக்கும் ஒன்றின் நுனியில், ஒரு அரிசி நீளம்கூட இல்லாத சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பெண் பூ, பின்னால் கொட்டையாகப் போவது. ஆறு வருடம் அந்தப் புதரைத் தாண்டிக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. எனக்கு ட்ரூயிட் வழி தொடங்கிய நாள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

தோட்டமே இல்லை, ஃபிளாட்டில் இருக்கிறேன்.

பால்கனித் தொட்டியில் ஒரு ரோஸ்மேரி, தெருவில் ஒரு மரம், போதும். கவுன்சில் வாடகைக்கு விடும் அலாட்மெண்ட் நிலத்துக்குப் பெயர் கொடுத்துவைக்கலாம், ஆனால் காத்திருப்புப் பட்டியல் நீளம். பல இடங்களில் அங்கே பெரிய மரம் வைக்க விடமாட்டார்கள், குட்டை ரகப் பழமரம் மட்டும்தான். குத்தகைத் தாளைப் படித்துவிட்டுக் கன்று வாங்குங்கள்.

ட்ரூயிட் என்றால் ஓக் மரம்தானே, ஓக் நடலாமா?

வீட்டுத் தோட்டத்தில் வேண்டாம். எல்லோருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. ஓக் இருபது மீட்டருக்கு மேல் வளரும், களிமண்ணில் வேர் தண்ணீரை உறிஞ்சினால் மண் சுருங்கும், வீட்டு அஸ்திவாரம் இறங்கும், காப்பீட்டுக்காரர் கடிதம் போடுவார். வில்லோ, பாப்லர் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை. ஓக் மேல் அவ்வளவு ஆசை என்றால், அக்டோபரில் கீழே விழுந்த கொட்டையைப் பொறுக்கித் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு மூழ்கியதை உடனே ஆழமான தொட்டியில் ஊன்றுங்கள். காயவிட்டால் முளைக்காது. அணில் தோண்டாமல் இருக்க மேலே கம்பி வலை. இரண்டு வருடம் வளர்த்து, இடம் இருக்கும் காட்டு நடுகைக் குழுவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த மரம் நன்றாகக் காய்க்க நாற்பது வருடம் ஆகும், நீங்கள் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம்.

சின்னத் தோட்டத்துக்கு நான் சொல்வது ரோவன், ஹேசல், ஹாதார்ன், காட்டு ஆப்பிள், இல்லை சாப்பிடும் ஆப்பிள். ஆப்பிள் வாங்கும்போது ரகத்தின் பெயரைவிட அது எந்த வேர்ச்செடியில் ஒட்டியது என்று கேளுங்கள், உயரத்தை முடிவு செய்வது அதுதான். எம்27 என்றால் ஆளுயரத்தோடு நின்றுவிடும், எம்26 மூன்று மீட்டர் வாக்கில் போகும், எம்எம்106 அதற்கும் கொஞ்சம் மேலே. அந்த 'எம்' என்பது கென்ட்டில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தின் பெயரிலிருந்து வந்தது. என் வீட்டில் இருப்பது எம்26, வாழ்நாள் முழுக்க அதற்கு முட்டுக்கம்பு வேண்டும்.

யூ மரமும் ட்ரூயிட்களுக்குப் பிடித்ததுதான். ஆனால் சிவப்புச் சதையைத் தவிர இலை, விதை, பட்டை எல்லாமே விஷம். குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

எப்படி நடுவது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை, இலை உதிர்ந்து மரம் தூங்கும் காலத்தில், மண்ணில்லாத வெறும் வேர்க்கன்று கிடைக்கும். தொட்டிக்கன்றைவிட மலிவு, நன்றாகவும் பிடிக்கும். வேர் காற்றில் காயக் கூடாது, நடும்வரை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். குழி வேரின் ஆழத்துக்கு மட்டும், அகலம் தாராளமாக. களிமண் என்றால் குழியைச் சதுரமாக வெட்டுங்கள், வட்டக் குழியில் வேர் பானைக்குள் சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். குழிக்குள் உரம் போடாதீர்கள், வேர் அந்தச் சுகத்தைவிட்டு வெளியே வராது. தண்டு விரிந்து வேராகும் இடம் மண் மட்டத்தில் தெரிய வேண்டும், ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். முட்டுக்கம்பு மரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரம் போதும், கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

மூடாக்குதான் முக்கியம், அதில்தான் நான் தப்பு செய்தேன். மரத்தூளும் இலைமக்கும் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு, ஒரு மீட்டர் வட்டத்துக்குப் போட வேண்டும், ஆனால் தண்டைத் தொடக் கூடாது. நான் என் முதல் ரோவனுக்குப் பாசத்தில் தண்டைச் சுற்றிக் கோபுரம் மாதிரி குவித்துவைத்தேன், அதுவும் ஏற்கனவே ஆழமாக நட்ட கன்று. இரண்டாம் வருடம் ஜூனில் இலை மஞ்சளானது. மூடாக்கை விலக்கிப் பார்த்தால் பட்டை நனைந்த அட்டை மாதிரி கையோடு வந்தது. தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தியானம் செய்துகொண்டிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு. இப்போது இருப்பது இரண்டாவது ரோவன்.

தண்ணீர்: முதல் இரண்டு கோடையும், மழை இல்லாத வாரத்தில் ஒரு தடவை, இரண்டு வாளி மெதுவாக. தினமும் ஒரு குவளை தெளிப்பது வீண்.

நடும்போது சடங்கு ஏதாவது உண்டா?

கட்டாயம் எதுவும் இல்லை. நான்கு திசைக்கும் அமைதி சொல்வது வழக்கம். 'அவென்' என்ற வேல்ஷ் சொல்லை, கவிக்கு வரும் உள்ளூக்கம் என்று பொருள், மூச்சை இழுத்து ஆ, ஊ, என் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். நான் தமிழில் இரண்டு வரி பேசுவேன். கேட்கும் மரம் ஐரோப்பிய மரமாயிற்றே, புரியுமா என்று என் மனைவி ஒருமுறை கேட்டார்.

ஓகம் எழுத்தும் மர நாள்காட்டியும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஓகம் நிஜமான பழைய எழுத்து. அயர்லாந்திலும் மேற்கு பிரிட்டனிலும் நாலாம் நூற்றாண்டு முதல் கல்லின் விளிம்பில் கோடு கோடாகச் செதுக்கினார்கள், அடிப்படை எழுத்து இருபது. அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆள் பெயர்கள், இன்னாருடைய மகன் இன்னார் என்று. பிர்ச், ஆல்டர், வில்லோ, ஓக், ஹேசல் என்று சில எழுத்துகளுக்கு மரப்பெயர் இருப்பது உண்மை, எல்லா எழுத்தையும் மரமாக்கியது பின்னால் வந்தவர்கள். பதின்மூன்று மாத "கெல்டிக் மர நாள்காட்டி" பழையதே அல்ல, ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948-ல் வெளியிட்ட யோசனை. எனக்கு ஓகம் பிடிக்கும், செடிகளுக்குப் பெயர்க் குச்சியில் அதைத்தான் செதுக்குகிறேன். உங்களுடைய "பிறப்பு மரம்" எது என்று சொல்லும் விளம்பரங்களை விட்டுவிடலாம்.

எட்டு விழாக்கள் என்கிறார்களே?

இரண்டு கதிர்த்திருப்பம், பகலும் இரவும் சமமாக வரும் இரண்டு சமநாள், நடுநடுவே நாலு: நவம்பர் தொடக்கத்தில் சவின், பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. நடுவில் வரும் நான்கும் பழைய அயர்லாந்து விழாக்கள். எட்டையும் ஒரே சக்கரமாகக் கட்டியது 20-ஆம் நூற்றாண்டு வேலை. தேதியைத் துரத்தாதீர்கள், தோட்டத்தைப் பாருங்கள். பெல்டேனுக்கு ஹாதார்ன் பூ வேண்டும் என்பார்கள், மே 1 அன்று பல வருடம் அது மொட்டாகத்தான் இருக்கும். காரணம் 1752-ல் பிரிட்டன் நாள்காட்டியை மாற்றியபோது பதினோரு நாளைத் தூக்கிவிட்டார்கள், பழைய மே 1 இன்றைய மே நடுப்பகுதி. பூ இன்னும் பழைய கணக்கில்தான் பூக்கிறது. அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று கிராமங்களில் ஒரு பயம் உண்டு. அழுகும் உடலில் வரும் அதே வேதிப்பொருள் அந்தப் பூவின் வாசனையிலும் இருக்கிறது, பயத்துக்கு அதுதான் காரணமாம்.

அதே பதினோரு நாள் கணக்கில்தான் ஜனவரி 17-ல் ஆப்பிள் மரத்துக்கு வாசெயில் செய்கிறார்கள். இது ட்ரூயிட் சடங்கே இல்லை, சாமர்செட், டெவன், ஹெர்ஃபர்ட்ஷயர் பக்கத்து விவசாயிகளின் வழக்கம், ஆனால் எனக்கு எட்டு விழாவையும்விட இது பிடிக்கும். வேரில் சைடர் என்னும் ஆப்பிள் மதுவை ஊற்றுவார்கள், சைடரில் நனைத்த ரொட்டியைக் கிளையில் வைப்பார்கள், பாத்திரத்தைத் தட்டியும் துப்பாக்கி சுட்டும் கெட்டதை விரட்டுவார்கள், நிறையக் காய்க்கச் சொல்லி மரத்துக்குப் பாட்டு.

மிசில்டோ வளர்க்கலாமா?

ஆச்சரியமாக, முடியும். ஆனால் ஓக்கில் இல்லை, ஓக்கில் அது மிக அரிது. பிளினியே அதைச் சொல்லியிருக்கிறார், அரிது என்பதால்தான் அவ்வளவு மதிப்பு. ஆப்பிள் மரத்தில்தான் தாராளமாக வரும். சைடர்த் தோப்புகள் நிறைந்த ஹெர்ஃபர்ட்ஷயர், வொர்ஸ்டர்ஷயர் பக்கம் குளிர்காலத்தில் போனால் மொட்டை மரத்தில் பச்சைப் பந்து பந்தாகத் தொங்கும்.

கிறிஸ்துமஸுக்கு வாங்கியதில் இருக்கும் காய் பழுத்திருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் பழுத்த வெள்ளைப் பழத்தை நசுக்கி, உயிருள்ள கிளையின் பட்டை மேல் அந்தப் பிசினோடு ஒட்டவைக்க வேண்டும். விதைக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் பட்டையைக் கீறி உள்ளே புதைக்காதீர்கள். ஆணும் பெண்ணும் தனிச்செடி, எனவே நிறைய விதை ஒட்டுங்கள். பழம் வர நாலைந்து வருடம் ஆகும். பழம் நச்சு, சாப்பிடக் கூடாது. என் எம்26 குட்டை மரம் அந்தச் சுமையைத் தாங்காது என்று நான் இன்னும் ஒட்டவில்லை. வயதான, பெரிய மரம் வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழில் இதன் இனத்துச் செடியின் பெயர் புல்லுருவி. ஊரில் மாமரத்தில் அதைப் பார்த்தால் கிளையோடு வெட்டிப் போடுவோம், அடுத்தவன் உழைப்பில் வாழும் ஆளைத் திட்டவும் அந்தச் சொல்தான். அதையே இங்கே தங்க அரிவாளோடு வணங்கினார்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், குளிர்காலத்தில் மரம் முழுக்கச் செத்த மாதிரி நிற்கும்போது அது மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்கள்தான். எப்போதும் பச்சையாக நிற்கும் மாமரத்தில் அது யார் கண்ணில் அப்படிப் படும்?

மரத்துக்கு என்ன படைக்கலாம்? ரிப்பன் கட்டலாமா?

தண்ணீர், இலைமக்கு, பறவைக்குத் தீனி. அவ்வளவுதான். உப்பு, பால், நாணயம், மெழுகுவர்த்தி வேண்டாம். ஸ்காட்லாந்தில் மன்லாக்கி ஊற்றுக்குப் பக்கத்து மரங்களில் நோய் தீரத் துணி கட்டும் வழக்கம் உண்டு, நம் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது போல. துணி மக்கும்போது நோயும் போகும் என்பது நம்பிக்கை. இப்போது கட்டுவதில் நிறைய நைலான், அது மக்காது, கிளை தடிக்கத் தடிக்கக் கழுத்தை இறுக்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பளி நூல், தளர்வாக, அடுத்த வருடம் நீங்களே போய் அவிழ்க்க வேண்டும்.

மரத்தை நேசிப்பவர் கவாத்து செய்யலாமா, வெட்டலாமா?

தாராளமாக. ஹேசலைக் குளிர்காலத்தில் அடியோடு வெட்டினால் மறுபடி கட்டைகட்டையாகத் துளிர்க்கும், வெட்டாமல் விட்டதைவிட அதிக நாள் வாழும். அந்தக் குச்சியில்தான் என் பீன்ஸ் ஏறுகிறது. வெட்டுவதற்கு முன்னால் மரத்திடம் சொல்லிவிட்டு வெட்டுவேன். அதைவிட முக்கியம் கவுன்சிலிடம் கேட்பது: பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் குற்றம், பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் ஆறு வாரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கூடு இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி குற்றம்.

ஆஷ் மரம் வேறு கதை. அதைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012-ல் உறுதியானது, தெருத்தெருவாகச் செத்துக்கொண்டிருக்கிறது. நோய் கண்ட ஆஷ் கட்டை படாரென்று முறியும், நீங்களாக ஏறாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

நான் சாமி கும்பிடுகிறவன், இல்லை சர்ச்சுக்குப் போகிறவள். இதில் சேரலாமா?

சேரலாம். கடவுள் ஒன்று, பல, இல்லவே இல்லை என்ற மூன்று வகையினரும் இதில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக் கார்ல்டன் கல்லூரியில் 1963-ல் மாணவர்கள் ஒரு ட்ரூயிட் குழு தொடங்கினார்கள், வாரவாரம் வழிபாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற விதியைக் கிண்டல் செய்ய. விதியை எடுத்த பிறகும் அவர்களால் நிறுத்த முடியவில்லை, அது இன்றும் இருக்கிறது. தலமரத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு மரத்தின் முன் நிற்பது புதிதாக இருக்காது. ஆனால் "எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று தொடங்கிவிடாதீர்கள், அதற்குச் சான்று கிடையாது.

சங்கத்தில் சேர வேண்டுமா?

கட்டாயமில்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துத் தங்களை ட்ரூயிட் என்று எழுதியவர்கள் 4,189 பேர்தான், அதனால் பக்கத்தில் ஆள் கிடைப்பதே கஷ்டம். பெரிய சங்கம் 1964-ல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கியது, பார்டு, ஓவேட், ட்ரூயிட் என்று மூன்று படிகளில் தபால் வழிப் பாடம் நடத்துகிறது, அதற்குப் பணம் கட்ட வேண்டும். தி ட்ரூயிட் நெட்வொர்க் என்பதை 2010-ல் அறக்கட்டளை ஆணையம் மத அறநிறுவனமாகப் பதிவு செய்தது. ஒரு வருடம் மரத்தோடு உட்கார்ந்துவிட்டு அப்புறம் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். முதல் நாளே ஏதாவது குரு பட்டத்துக்குக் காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ஒரு ஜனவரி இரவு ஆப்பிள் மரத்தடியில் இட்லிப் பானை மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினார். மரத்துக்காகத் தட்டுகிறேன் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த ரோவன் இன்னும் எவ்வளவு உயரம் போகும், அதன் நிழல் தன் தக்காளிப் பாத்தியில் விழுமா என்று கேட்டார். மரம் மேற்கே, அவர் தோட்டம் கிழக்கே, கோடையில் மாலை ஐந்து மணிக்கு மேல் விழத்தான் செய்யும். அவர் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளை அடுத்த வாரமே எடுத்துவிட்டேன்.